பழைய ஆயுதப் பெட்டி: இனங்காண்பதும் திருத்துவதும்

பாரமான மரப்பெட்டி ஒன்று. மேலே கறுப்போ கரும்பச்சையோ பூசி, அது பாதி உரிந்து போயிருக்கும். காம்பராவின் மூலையில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடக்கும். இல்லாவிட்டால் இஸ்தோப்பில் நாலு பேர் உட்காரும் பெஞ்சாக இருக்கும். “இது என்ன பெட்டி?” என்று பிள்ளைகள் கேட்டால், “அது தாத்தா காலத்துப் பெட்டிடா, கண்டதையும் கிண்டாதே” என்பதோடு பேச்சு முடிந்து விடும்.

அந்தப் பெட்டி ஒரு தச்சு பாஸின் ஆயுதப் பெட்டியாக இருக்கக்கூடும். அப்படியென்றால் அது மரச் சாமான் மட்டுமல்ல. உள்ளே கிடக்கும் துருப்பிடித்த உளிகளைத் தீட்டி எடுத்தால், தச்சு வேலை படிக்கும் உங்கள் மகனுக்கு இன்று கடையில் கிடைக்கும் பல உளிகளை விட நல்ல உளி கிடைக்கும். ஆனால் நம் பக்கத்தில் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வழியில்தான் போகின்றன. ஒன்று அடுப்புக்கு. மற்றது, லொறியில் வரும் பழைய சாமான் வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்கு. இரண்டுக்கும் முன்னால் பெட்டி என்னவென்று தெரிந்து கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியைக் காலி பண்ணுங்கள்

துடைக்கும் முன், தட்டும் முன், விலை பேசும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பூட்டுப் போடக்கூடிய கனமான பெட்டி வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் கடுதாசிகளை எல்லாம் அதற்குள்தான் வைத்திருப்பார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாட்டன் எழுதிப் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த கடிதம், சேமலாப நிதிச் சீட்டு என்று எதுவும் இருக்கலாம். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது உண்மைதான். ஆனாலும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, பிறந்த தேதியில் ஒரு குழப்பம் என்று வரும்போது இந்தப் பழைய கடுதாசிதான் கை கொடுக்கும்.

பெட்டியின் அடியில் விரித்த பத்திரிகைத் தாளுக்குக் கீழேயும் பாருங்கள். உள் இழுப்பறைகளை முழுவதுமாக வெளியே எடுத்து, அவற்றின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஈரத்தில் ஒட்டிப் போன கடுதாசியைப் பிய்க்க வேண்டாம். நிழலில் காற்றுப்பட விட்டு, காய்ந்த பிறகு மெதுவாகப் பிரிக்க வேண்டும். மூலப் பத்திரத்தை லெமினேட் பண்ணாதீர்கள். பிறகு அதைத் திருத்தவோ முத்திரையைச் சரி பார்க்கவோ முடியாது. போட்டோப் பிரதி எடுத்து அதை வேண்டுமானால் லெமினேட் பண்ணலாம்.

பெட்டி முதலில் யாருடையது என்பதையும் ஒரு தரம் யோசியுங்கள். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இப்படிக் கைமாறும்போது ஸ்டோர் பட்டறையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் சில, வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். உங்கள் பெட்டி அண்மையில் அப்படி வந்ததென்றால், ஆபீசில் கேட்டு ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொள்வது நல்லது. பின்னால் வம்பு வராது.

இது ஆயுதப் பெட்டிதானா?

உடுப்புப் பெட்டியும் ஆயுதப் பெட்டியும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். அளவு நாடாவை எடுங்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து தச்சர்களின் பெரிய ஆயுதப் பெட்டி ஏறக்குறைய 3 அடி அல்லது அதற்குச் சற்று மேல் நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் இருக்கும். அந்த அளவுக்குக் காரணம் உண்டு. கைவாளின் தகடு மட்டும் 26 அங்குலம். கைப்பிடியோடு 30 அங்குலம் தாண்டும். வாளும் நீளச் சீவுளியும் படுக்க இடம் வேண்டும் என்பதால் பெட்டி அந்த நீளம்.

மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ஆயுதப் பெட்டியின் இரு பக்கச் சுவரிலும் படி படியாக மரச் சட்டம் அடித்திருக்கும். அதன் மேல்தான் ஆழமில்லாத இழுப்பறைகள் முன்னும் பின்னும் சறுக்கி ஓடும். இழுப்பறைகள் தொலைந்து போயிருந்தாலும் சட்டம் இருக்கும். சட்டத்தைக் கழற்றியிருந்தாலும் தேய்ந்த கோடு இருக்கும். அடியில் வாளை நிறுத்தி வைக்கப் பள்ளம் வெட்டிய கட்டைகளும் இருக்கலாம். உடுப்புப் பெட்டியில் இவை இருக்காது. அதில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மூடி போட்ட சின்ன அறை ஒன்று மட்டும் இருக்கும்.

இன்னொன்று. வெளியே இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் பெட்டி, உள்ளே மகோகனி இழுப்பறையும் மெருகுமாகப் பளபளக்கும். வெளியே அடிபடும் என்று சாதாரண பைன் பலகையில் செய்து பெயிண்ட் பூசினார்கள். தன் கைத்திறனை உள்ளே காட்டினார்கள். கண்டிராக்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மூடியைத் திறந்தாலே போதும், பாஸின் தரம் தெரிந்து விடும்!

தேயிலைப் பெட்டியோடு இதைக் குழப்ப வேண்டாம். இப்போது தேயிலை காகித மூட்டையில் போகிறது. அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டி மெல்லிய பிளைவுட். ஓரங்களில் தகரப் பட்டி அடித்திருக்கும். அதன் உள்ளே ஒட்டிய தகட்டைக் கவனியுங்கள். பிந்திய பெட்டிகளில் அது அலுமினியம். மிகப் பழையவற்றில் ஈயம். ஈயத் தகடு மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும், பாரமாக இருக்கும், கடுதாசியில் தேய்த்தால் பென்சில் போல் கோடு விழும். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அடுப்பில் உருக்கவும் வேண்டாம்.

மரம், மூட்டு, ஆணி

மூடியின் உட்பக்கம், வெளியே தெரியாத ஓரிடத்தில் கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டுங்கள். மஞ்சளாக வந்தால் பலா என்று நினைக்கலாம்; பலா வெட்டியவுடன் மஞ்சள், வருஷம் போகப் போகச் செம்பழுப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தோல் வாசம் அடித்தால் தேக்கு. மரம் லேசாக, நகம் அழுத்தினால் பதிந்து, பிசின் வாசம் வந்தால் பைன். பைன் பெட்டி கப்பலில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பலாவும் தேக்கும் இங்கேயே, மொரட்டுவ போன்ற இடங்களில் செய்ததாக இருக்கலாம். உள்ளூர்ப் பெட்டி என்றால் மட்டமில்லை. மரத்தைப் பொறுத்த மட்டில் பலாப் பெட்டிதான் நம் ஈரத்துக்குத் தாக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து நாலு மூலைகளையும் பாருங்கள். புறா வாலை விரித்தது போல் ஒரு பலகையின் பல் மற்றப் பலகையின் பல்லுக்குள் பிணைந்திருந்தால் அதுதான் புறாவால் மூட்டு. ஆணியே இல்லாவிட்டாலும் கழராது. பற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் மெஷின் வெட்டியது. ஒன்று சற்று அகலம், ஒன்று சற்று ஒடுக்கம், பக்கத்தில் உளி பிடிக்கக் கீறிய மெல்லிய கோடு என்று இருந்தால் கை வெட்டியது. மூலையில் வெறும் ஆணி மட்டும் அடித்திருந்தால் அது அவசரத்துக்குச் செய்த பெட்டி.

ஆணி வயதைச் சொல்லும், ஆனால் முழுவதும் சொல்லாது. உருண்டைக் கம்பி ஆணி 1890களிலிருந்துதான் பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தியது தகட்டில் வெட்டிய ஆணி. தண்டு சதுரித்திருக்கும், இரண்டு பக்கம் மட்டும் ஒடுங்கும். வெட்டாணியைப் பார்த்தவுடன் 1890க்கு முந்திய பெட்டி என்று முடிவு கட்டக்கூடாது. அதற்குப் பிறகும் வெகு காலம் இங்கிலாந்தில் அதைப் பாவித்தார்கள். மறுபக்கம், பழைய பெட்டியில் கம்பி ஆணி இருந்தால் பின்னால் யாராவது பழுது பார்த்ததாக இருக்கலாம். ஸ்குரூ ஆணியின் தலையில் நட்சத்திரம் போல் குறுக்கு வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிந்தியது. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மரம், மூட்டு, ஆணி, பூட்டு எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

ஆயுதத்தில் உள்ள முத்திரை

பெட்டி பேசாவிட்டால் ஆயுதம் பேசும். உளியின் கழுத்திலும் மரச் சீவுளியின் முன் நெற்றியிலும் எழுத்துப் பதித்திருக்கும். சோக்குத் தூளை மெதுவாகத் தேய்த்தால் எழுத்துத் தெரியும். அரத்தால் ராவ வேண்டாம்!

‘ஷெபீல்ட்’ என்று இருந்தால் இங்கிலாந்தின் எஃகு நகரம். மார்பிள்ஸ், சோர்பி, வார்ட் அண்ட் பெய்ன் எல்லாம் அங்கிருந்து வந்த பெயர்கள். மாத்தீசன் என்று சீவுளியில் இருந்தால் அது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ. நம் தோட்டங்களுக்கு வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவர்தான். அதனால் கிளாஸ்கோ சீவுளி மலையில் கிடைப்பது அதிசயமில்லை. இரும்புச் சீவுளியில் ‘ரெக்கார்ட்’ என்று இருந்தால் 1931 அல்லது அதற்குப் பின்.

‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரையைப் பார்த்து, “ஐயோ இது வார்ப்பிரும்பு, உடைஞ்சிடும்” என்று வீசி விடுகிறார்கள். அது தப்பு. 1740களில் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மண் குகையில் உருக்கி எடுத்த முதல்தர எஃகுக்கு வந்த பெயர் அது. அந்த முத்திரை உள்ள உளியைப் பத்திரப்படுத்துங்கள். வாளின் கைப்பிடித் திருகில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருப்பது செய்தவர் பெயரல்ல. பல கம்பனிகள் அதைப் போட்டன. சீவுளியின் நெற்றியில் இரண்டு மூன்று பெயர் இருந்தால் ஒன்று செய்தவர், மற்றவை கைமாறி வந்த பாஸ்மார். தமிழிலோ சிங்களத்திலோ கீறிய எழுத்து இருந்தால் அதைத் தேய்த்து அழிக்கவே கூடாது. அது உங்கள் தோட்டத்து ஆளின் கையெழுத்தாக இருக்கலாம்.

தூசில்தான் ஆபத்து

இனித் திருத்தும் வேலை. இங்கே தாய்மார் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் சேர்ந்திருக்கும் என்றே வைத்துக் கொள்ளுங்கள். அதைக் காய்ந்த சாண்ட் பேப்பரால் தேய்த்தால் தூசு பறக்கும். அது மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணித் தாயின் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். ஆகவே பெயிண்ட் பிடிப்பாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பழைய சாமான் சேர்ப்பவர்களும் மூலப் பெயிண்ட் உள்ள பெட்டிக்குத்தான் அதிக விலை கொடுப்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

உரிந்து தொங்கும் இடத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், காம்பராவுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். கீழே பத்திரிகையை விரித்து, விழுந்ததை எல்லாம் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பீலிக்கரையில் கழுவ வேண்டாம். மரக்கறித் தோட்டத்திலும் கொட்ட வேண்டாம். மேல் சட்டையைத் தனியாகத் தோயுங்கள். பெயிண்டைத் தீ வைத்துக் கருக்குவதும், பெயிண்ட் பூசிய பலகையை அடுப்பில் எரிப்பதும் கூடாது.

அடிப்பலகையும் வெடித்த மூடியும்

பெட்டியில் முதலில் உக்குவது அடிப்பலகை. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நல்ல ஆயுதப் பெட்டியில் அடிப்பலகைகள் முன்னிருந்து பின்னாக, குறுக்கே ஓடும். ஆணி மட்டும் அடித்திருக்கும். உக்கினால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடத்தான் அப்படிச் செய்தார்கள். அதன் கீழே இரண்டு கட்டைகள் இருக்கும். அவையும் மாற்றத்தான்.

புதுப் பலகை போடும்போது காய்ந்த பலகையாகப் பாருங்கள். அதைப் பசை போட்டு ஒட்டி இறுக்கக் கூடாது. மரம் நீளத்தில் அசையாது. அகலத்தில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். மூடி வெடித்ததற்கும் இதுதான் காரணம். அகலமான மூடிக்குக் குறுக்கே சட்டம் வைத்து இறுக்கி ஸ்குரூ அடித்தால், சுருங்க வழியில்லாமல் பலகை பிளக்கும். வெடிப்பில் சீமெந்தும் பட்டியும் அடைத்தால் அடுத்த மழைக்கு அது வெளியே வந்து விடும். அதே மரத்தில் மெல்லிய ஆப்புச் சீவி, வெடிப்பின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை பூசி இறக்க வேண்டும். மறுபக்கம் சும்மா இருக்கட்டும், அசைய இடம் வேண்டும்.

மூட்டுக் கழன்றிருந்தால் பழைய பசை வச்சிரமாக இருக்கும். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தால் இளகும். சுரண்டித் துடைத்து, காய விட்டு, திரும்ப ஒட்டிக் கயிற்றால் முறுக்கிக் கட்டுங்கள். மூட்டின் மேல் ஆணி அடிப்பது பெட்டிக்குச் செய்யும் துரோகம்.

புதுத் துண்டு வெள்ளையாகத் துருத்திக் கொண்டு தெரியுமே? நம்மிடம்தான் தேயிலை இருக்கிறதே. டஸ்ட் தேயிலையை நன்றாகக் கொதிக்க வைத்து, வடித்து, ஆறவிட்டு இரண்டு முறை பூசுங்கள். இன்னும் கறுக்க வேண்டுமென்றால், இரும்புப் பஞ்சை வினாகிரியில் மூன்று நாலு நாள் ஊற வைத்து (போத்தலை இறுக மூட வேண்டாம், வாயு வரும்) அந்தத் தண்ணீரைத் தேயிலைச் சாயத்தின் மேல் பூசினால் கொஞ்ச நேரத்தில் கறுத்து விடும். கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுப்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும். சாயத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை.

சின்னச் சின்ன ஓட்டைகளில் மா போல் தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. கடையில் விற்கும் மரப்பூச்சி மருந்தைக் கையுறை போட்டுப் பூசுங்கள். லொறி என்ஜினில் கழித்த எண்ணெயைப் பூசும் வழக்கம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அது வேண்டாம். அது உடம்புக்குக் கூடாது. மருந்து பூசிய பெட்டியில் அரிசியோ மாவோ வைக்காதீர்கள்.

எண்ணெய்த் துணி தீப்பிடிக்கும்

உள்பக்க மரத்துக்குக் கொதித்த லின்சீட் எண்ணெய் மெல்லிசாகப் பூசலாம். தேன்மெழுகும் டர்பன்டைனும் சேர்த்த மெழுகும் நல்லது. அதை அடுப்பில் நேரே வைத்து உருக்காமல், வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கி, நெருப்புக்கு அப்பால் கொண்டு போய் டர்பன்டைனைக் கலக்குங்கள்.

லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே அது தானாகச் சூடேறிப் பற்றிக் கொள்ளும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயமே போய் விடும். ஆகவே வேலை முடிந்த கையோடு துணியை வெளியே கல்லின் மேல் தட்டையாக விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டின்னில் அமுக்கி விடுங்கள்.

உளியும் பூட்டும்

துருப்பிடித்த உளியைச் சிலர் அடுப்பில் போட்டுச் சுடுகிறார்கள். சுட்டால் துரு போகலாம், கூடவே எஃகின் உரமும் போய் விடும். பிறகு அந்த உளி ஈயம் மாதிரி மழுங்கும். கைப்பிடி படாமல் இரும்பை மட்டும் ஓர் இரவு வினாகிரியில் ஊற வைத்து, காலையில் தேய்த்து, அப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காய வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் நாள் போகப் பிசுபிசுக்கும்.

பூட்டு இறுகியிருந்தால் உடைக்காதீர்கள், எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். இழுப்பறை ஓடாவிட்டால் மெழுகுதிரித் துண்டைச் சட்டத்தில் தேயுங்கள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மூடியில் படிந்திருந்தால், ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் வரும். பித்தளைத் தகட்டுக்குப் புளி தேய்க்கலாம், மரத்தில் படாமல்.

வியாபாரி வந்தால்

விற்பதா வைப்பதா என்பது உங்கள் விருப்பம். விற்பதானால் ஆயுதத்தையும் பெட்டியையும் ஒரே விலைக்குச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முத்திரையையும் ஒரு கடுதாசியில் எழுதி வைத்து, தனித்தனியாக விலை கேளுங்கள். “இது உக்கின பெட்டிதானே, விறகு விலை போட்டுத் தாறேன்” என்பார். உக்கியது மாற்றக்கூடிய அடிப்பலகை மட்டும்தான் என்று காட்டுங்கள். அன்றைக்கே முடிவு கேட்டால் அடுத்த கிழமை வரச் சொல்லுங்கள். அதற்குள் டவுனில் இன்னொருவரிடம் விசாரிக்கலாம். தச்சு வேலை பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இரண்டு உளி, ஒரு சீவுளி, ஒரு வாள், ஒரு மட்டச் சட்டம் ஆகியவற்றை எடுத்து வைத்துக் கொண்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

வைத்துக் கொள்வதானால், சீமெந்துத் தரையில் நேரே வைக்க வேண்டாம். நாலு மூலைக்கும் நாலு செங்கல் கொடுத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மாதத்தில் ஒரு நாள், வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மூடியைத் திறந்து விடுங்கள்.